மாணவி உங்களுக்கு என்ன முறை

தாளின் பின்பக்கத்துக்கு வந்ததும் நிக்கொலஸின் பேனா நின்றது. அதுவரை அது தடையில்லாமல்தான் வந்துகொண்டிருந்தது. லொறி வாடகை, டீசல், டயர், சாரதியின் சம்பளம் என்று ஸாஜிதா வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்த தொகைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னச் சரிகளைப் போட்டபடி, இடையிடையே "நல்ல கையெழுத்து, நல்ல கையெழுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சிலாபம் மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த ஒரு கடையின் மாடியில்தான் அவர் வரிக் கணக்குப் பார்க்கும் கந்தோர். பிற்பகலில் சந்தை கழுவிய தண்ணீரின் வாடை ஜன்னல் வழியாக ஏறி வந்து மின்விசிறியின் காற்றோடு சுற்றியது. கதிரையின் நுனியில் அபூசாலி இருந்தார். அதிகாலையில் மாம்புரியில் மரக்கறி ஏற்றிக் கொழும்பில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் சாரத்தைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். கண் மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

"மகள், படிப்புச் செலவுக்கு வரியில கழிவு போட்டிருக்கிறீங்க. நல்லது. பற்றுச்சீட்டும் எல்லாம் ஒழுங்கா இருக்கு," என்றார் நிக்கொலஸ். சிலாபத்தில் எல்லாருக்கும் அவள் மகள்தான். பஸ் கொண்டக்டருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும்கூட அப்படித்தான். "ஆனா இந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில தகப்பன்ட பேர் மஹ்ரூப் எண்டு கிடக்கு."

"ஓம்," என்றார் அபூசாலி.

"நீங்க அபூசாலி."

"ஓம்."

"அப்ப இந்த மஹ்ரூப் ஆரு நானா?" அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் அவர் அபூசாலியைக் கூப்பிடுவார்.

"வாப்பா."

"ஆருட?"

"புள்ளைட."

நிக்கொலஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டும் விசயம் தெளிவாகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கழிவு பெறுகிறவர்களுக்கென்று அவரே அச்சடித்து வைத்திருந்த தாள் அது. 'மாணவன்/மாணவி உங்களுக்கு என்ன முறை' என்ற கேள்விக்குக் கீழே ஸாஜிதாவின் நல்ல கையெழுத்தில் 'மகள்' என்று இருந்தது. முதலில் பென்சிலால் எழுதி, பிறகு பேனாவால் எழுதியிருந்தாள். அவள் எதையும் அப்படித்தான் செய்வாள். பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கி, கூட்டி, கூட்டியதை மறுபடி கீழிருந்து மேலாகக் கூட்டி, அப்போதும் எங்கேயோ பிழை விட்டிருப்போம் என்ற பயத்தோடு இன்னொரு தரம் பார்த்திருந்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டிய ஒன்றாக அது அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் பிறந்தது புத்தளம் பக்கத்து அகதி முகாம் ஒன்றில். மன்னாரிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள், இரண்டு ஓலைக் கொட்டில்கள், நடுவில் ஒரு கிடுகுத் தட்டி. பெற்ற மூன்றாம் நாள் அவளுடைய தாய் மவுத்தாகி அங்கேயே அடக்கமானாள். தட்டிக்கு அந்தப் பக்கம் அபூசாலியின் மனைவி ஹவ்வா, கையில் தன் நான்கு மாதத்து மகன் ரிஷாத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இரவு முழுக்கக் கேட்டுவிட்டு விடியற்காலையில் தட்டியைச் சுற்றி வந்து, மஹ்ரூபின் கையிலிருந்த பிள்ளையை ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றரை வருசம் இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். யுத்தம் முடிந்த மறு வருசம் மஹ்ரூப் புது மனைவியோடு மன்னாருக்குத் திரும்பிப் போனபோது, ஸாஜிதா இரண்டாம் வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டுப் போனார். பெருநாளைக்குப் பெருநாள் தொலைபேசியில் பேசுவார். "படிக்கிறியா மகள்?" "ஓம் வாப்பா." அதற்குமேல் இரண்டு பக்கமும் கதை வராது.

இதையெல்லாம் அபூசாலி நான்கு வசனத்தில் சொல்லி முடித்தார்.

"பால் குடுத்ததால மகளா?" என்றார் நிக்கொலஸ். "எங்கட மனிசியும் பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் குடுத்தவதான். அவன் இப்ப என்னக் கண்டா சைக்கிளத் திருப்பிக்கொண்டு போறான்."

"எங்கட மார்க்கத்தில அது உறவு. ரிஷாத்துக்கு இவ கூடப்பிறந்த மாதிரி. கலியாணம் முடிக்கேலா. எனக்கு முன்னால இவ முக்காடு போடத் தேவையில்ல. நான் இவவோட தனிய ஒரு வீட்டில இருந்தாலும் குத்தமில்ல."

"அப்ப சொத்து?"

"சொத்துக்கு இல்ல."

"பேர்?"

"பேருக்கும் இல்ல. அது பெத்தவருக்கு."

"தத்தெடுத்த கடதாசி?"

"நாங்க அப்படி எடுக்கிறல்ல."

நிக்கொலஸ் கதிரையில் சாய்ந்தார். "நானா, நான் முப்பது வருசமா வரிக் கணக்குப் பாக்கிறன். இப்படி ஒரு பிள்ளைய எனக்குத் தெரியாது. உங்கட சொந்த மகன் கட்டாரில லொறி ஓடுறான், அவன் படிக்கல்ல. படிக்கிற பிள்ளை உங்கட பிள்ளை இல்ல. கூட்டிக் கழிச்சா ஒண்டுமில்ல." பிறகு ஸாஜிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சட்டத்தில பிள்ளைக்குச் செய்த செலவு எண்டுதான் கிடக்கு. ஆனா ஆரு வந்து பாக்கப் போறான்? இந்தக் கழிவே இந்த வருசக் கணக்கோட முடிஞ்சுது. எழுதினது எழுதினபடி கிடக்கட்டும். கையெழுத்த வையுங்க, போய்ப் படுங்க. பாக்கவே பாவமா இருக்கு."

பாவமாகத்தான் இருந்தது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த வருசத்தில் டீசல் விலையோடு லொறி வாடகையும் ஏறியது. நிரப்பு நிலையத்து வாசலில் பாய் போட்டுப் படுத்த அபூசாலியை, அதே வருசத்துக் கணக்கு வரி கட்டுகிற ஆளாக்கிவிட்டிருந்தது. வீட்டில் ஒன்றும் கூடவில்லை. அரிசியை அளந்துதான் போட்டார்கள். ஆனால் வங்கியின் தாளில் தொகைகள் பெரிதாகத் தெரிந்தன.

ஸாஜிதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசு மிச்சப்பட வேண்டுமென்று அவள் நினைத்தது உண்மை. சிலாபத்தில் மாலை வகுப்புக்கு அவளை அனுப்பக் கட்டும் காசு எங்கிருந்து வருகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிசத்தில் அவளுக்குக் காசு ஞாபகத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே அவர் கையெழுத்து வைப்பாரா என்பது மட்டும்தான் இருந்தது.

"கடைசியில என்ன எழுதியிருக்கு, வாசி புள்ள," என்றார் அபூசாலி.

"மேலே தந்த விபரங்கள் எல்லாம் உண்மையானவை என்று உறுதியளிக்கிறேன்."

அபூசாலி தாளை நிக்கொலஸின் பக்கம் தள்ளினார். கீழே யாரோ பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"வெட்டுங்க," என்றார்.

"எத?"

"அந்தக் கழிவ. முழுசா."

"நானா, வரி அரைத் தவணைக் காசு கிட்ட கூடும். மாசம் முடியக் கட்டவும் வேணும்."

"வெட்டுங்க நிக்கொலஸ்."

நிக்கொலஸ் பெருமூச்சு விட்டுப் பேனாவை ஸாஜிதாவிடம் நீட்டினார். "நீங்களே வெட்டுங்க மகள். உங்கட எழுத்துத்தானே." அவள் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தாள். 'மகள்' என்ற சொல்லின் நடுவில் வைத்து, இடமிருந்து வலமாக ஒரு கோடு. அடிமட்டம் இருந்ததால் கோடு நேராக வந்தது. அதைப் பார்த்தபோது, இதைக்கூட நான் ஒழுங்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தென்னந்தோட்டம். லொறிக்குள் அழுகின வெங்காயத் தாளின் மணம். முந்தல் தாண்டும்போது அபூசாலி "பசிக்குதா?" என்றார். "இல்ல," என்றாள். வழக்கமாக அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்பார்கள். அவர் மனேஜர் அம்மா எப்ப வேலைக்குப் போறா என்று கேலி செய்வார், அவள் உங்கட லொறியை வித்துப்போட்டுக் கார் வாங்கிட்டுத்தான் என்பாள். அன்றைக்கு லொறி நிற்கவில்லை. அவர் தன்னை ஏமாற்றவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் எழுத மாட்டார், அவ்வளவுதான். ஆனால் அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே. இருபது வருசத்துக்கு மேலாகத் தெரிந்துகொண்டே அவளுடைய சோற்றுக் கோப்பையில் மீன் துண்டை எடுத்து வைத்திருக்கிறாரே. அவளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த நினைப்பு நியாயமில்லை என்றும் தோன்றியது. நியாயமில்லை என்று தோன்றியதால் அது போகவில்லை.

மதுரங்குளி வீட்டு வாசலைத் தாண்டியதும் தலையைச் சுற்றிய ஷோலைக் கழற்றிக் கதிரையில் எறிவது அவள் பழக்கம். ஹவ்வா ஒவ்வொரு நாளும் அதற்கு ஏசுவாள். அன்றைக்கு அவள் கழற்றவில்லை. முகம் கழுவினாள், ஷோலை மறுபடி சுற்றி ஊசி குத்தினாள், சோறு போட வந்தாள்.

"என்னடி, வீட்டுக்குள்ள மழை பெய்யுதா?" என்றாள் ஹவ்வா.

"அன்னிய ஆம்புள இருக்கிற இடம் உம்மா."

"எந்த ஆம்புள?"

"உங்கட புருசனிட்டக் கேளுங்க."

அபூசாலி பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தார். பிறகு சொன்னார், நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல். ஹவ்வா கேட்டுக்கொண்டிருந்தவள், அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

"என்ட நெஞ்சில குடிச்ச புள்ளைக்குக் கந்தோர்க்காரன்ட சீல் வேணுமா?"

"நான் சீல் கேக்கல்ல. உண்ம எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கேலா எண்டன்."

"எது உண்ம இல்ல?"

"மஹ்ரூப் உயிரோட இருக்கிற மனிசன் ஹவ்வா. நீ உன்ட மகள் எண்டு எழுதலாம். வரி கட்டுற ஆள் நீ இல்லையே."

"இருவது வருசம் ஆக்கிப் போட்டனே, அதுக்குச் சம்பளத்தத் தாங்க. நானும் கட்டுறன் வரி."

வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள். அபூசாலி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். ஸாஜிதாவைப் பார்க்கவில்லை. பார்வையை நிலத்தில் வைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனார். தெருவில் வேற்றுப் பெண்களைக் கடக்கும்போது அவர் அப்படித்தான் போவார்.

அதற்குப் பிறகு அவர் வாசலில் செருமத் தொடங்கினார். சொந்த வீட்டுக்குள் வர ஒரு செருமல், ஒரு ஸலாம், ஒரு சின்னத் தாமதம். உள்ளே ஷோலைச் சரிசெய்ய ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம். சாப்பாட்டை விறாந்தைக்கு எடுத்துக்கொண்டு போனார். கோபத்தில் செய்ததாகத் தெரியவில்லை. அவளுடைய முக்காட்டுக்கு அவர் மரியாதை கொடுத்தார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபித்திருந்தால் கழற்றியிருப்பாள். ஏசியிருந்தால் அழுது முடித்திருப்பாள். அவள் போட்ட கோட்டை அவர் அவளைவிடக் கவனமாக மிதிக்காமல் நடந்தார். வரிக்காசு வேறு இருந்தது, கடைசித் தவணைக் காசு வேறு இருந்தது, அதனால் கூடுதல் ஓட்டம் ஓடினார். சாரதியை நிறுத்திவிட்டுத் தானே ஓட்டினார். வீட்டிலிருந்த நேரத்திலும் பெரும்பாலும் நித்திரை.

"நான் இந்தத் தவணைக்குப் போகல்ல உம்மா," என்றாள் ஸாஜிதா, ஹவ்வாவோடு தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது. "எனக்கு ஆருமில்லாத ஆளிட்ட வாங்கிப் படிக்கிறது எப்படி?"

ஹவ்வா துருவுவதை நிறுத்தவில்லை. "உனக்கு ஒண்டு சொல்லல்ல நாங்க. மஹ்ரூப் போகக்குள்ள லொறிக்குப் பக்கத்தில நிண்டு இவர்ர கையப் பிடிச்சி அழுதவர். என்னத்த விட்டுட்டுப் போறன் எண்டு எனக்குத் தெரியும் நானா, புள்ளைக்கிட்டயிருந்து என்ட பேர மட்டும் எடுத்துராதீங்க எண்டு. இவர் ஓம் எண்டவர்."

"பேர இங்க விட்டுட்டு ஆளக் கொண்டு போயிருக்கலாமே."

"கொண்டு போயிருந்தா நான் மவுத்தாகியிருப்பன்," என்றாள் ஹவ்வா. அது வெறும் வாய்ப்பேச்சு மாதிரியே இருந்தது, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்வது போல. "படிப்ப விடுறதெண்டா விடு. ஆனா அந்த மனிசனுக்கு வலிக்கவேணும் எண்டு விடாத. அவருக்கு ஏற்கனவே இடுப்பு வலி."

ஸாஜிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் சிரட்டையை எடுத்து வெளியே போட்டாள். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதானா நான் செய்கிறேன் என்று அன்று முழுக்க யோசித்தாள். ஓம் என்றும் இல்லை என்றும் மாறிமாறி வந்தது. தன்னைப் பற்றிய கணக்கு மட்டும் எப்போதும் அவளுக்கு ஒரே விடையைத் தருவதில்லை.

வியாழக்கிழமை மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு மழை பிடித்தது. அடுத்த ஒழுங்கையில் ஒரு மவுத்து வீடு. ஹவ்வா குடையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஸாஜிதா தனியாக இருந்தாள். லொறி வளவுக்குள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம், சேற்றில் கால் வைக்கும் சத்தம், பிறகு அந்தச் செருமல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம்."

"உம்மா இல்லையா?"

"மவுத்து வீட்டுக்குப் போயிருக்கிறா."

அவர் வரப்போகிறார் என்று நினைத்துத் துவாயை எடுத்து வைத்தாள். "சரி," என்றார் அவர். சேற்றில் கால் வைக்கும் சத்தம் இப்போது தூரமாகப் போனது. லொறிக் கதவு திறந்து மூடியது.

முதலில் எதையோ எடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் விளங்கியது. உறவில்லாத ஆணும் பெண்ணும் ஒரு கூரைக்குக் கீழே தனித்திருக்கக் கூடாது. ஹவ்வா வரும்வரை அவர் வீட்டுக்குள் வரமாட்டார். மழைக்குள், நனைந்த சட்டையோடு, இடுப்பு வலியோடு, தன் சொந்த வளவில் நின்ற லொறிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவளே போட்ட கோடு அது. அதன் முழு நீளம் எவ்வளவு என்று அவள் அளந்து பார்த்திருக்கவில்லை.

ஜன்னலால் பார்த்தாள். முன் கண்ணாடி முழுக்க ஆவி. அவருடைய உருவம் ஒரு கறையாகத் தெரிந்தது, தலை முன்னால் சாய்ந்து ஸ்டியரிங்கில் படிந்திருந்தது. நித்திரையோ தெரியவில்லை. அவரைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற இடத்தில் நாக்கு நின்றது. சிலாபத்திலிருந்து வந்த நாளிலிருந்து அவரை அவள் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

கேத்தலை வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டாள். சீனி கூடிவிட்டதோ என்று ஒரு தரம் ருசி பார்த்து, குறைந்துவிட்டதோ என்று இன்னொரு தரம் பார்த்தாள். குடை ஹவ்வாவிடம். கிளாசை ஒரு கையில் பிடித்து, மழை விழாமல் மறு கையால் ஒரு பீங்கானை அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு இறங்கினாள். வளவு முழுக்கத் தண்ணீர். பத்தடி போவதற்குள் ஷோல் தலையோடு ஒட்டிக்கொண்டது.

அவள் கதவடிக்கு வந்ததும் அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினார், பாதியோடு அது சிக்கிக்கொண்டது. அந்தப் பாதி வழியாகச் சொன்னார்:

"சிலாபத்துக்குப் போய்த் தவணைக் காசு கட்டிட்டு வாறன். திங்கக்கிழம வகுப்பாம்."

"நான் போகல்ல எண்டு உம்மா சொல்லல்லையா?"

"சொன்னா."

"அப்ப ஏன் கட்டினீங்க?"

அவர் நனைந்த சட்டைப்பையைத் தடவினார். "அந்தக் கிளாக் பொம்புள, பிந்தினா தண்டம் எண்டா," என்றார்.

மழை பலத்தது. அவள் நகரவில்லை. உள்ளே ஏறு என்று அவரால் சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் இருக்கையில் குறுக்கே சாய்ந்து மற்றப் பக்கத்துக் கதவின் பிடியை இழுத்துவிட்டார். கதவு கொஞ்சம் திறந்து, காற்றில் ஆடியது. கையை எடுத்துத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் ஒன்றும் தெரியாத கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் லொறியைச் சுற்றி வந்தாள். காற்று பின்னாலிருந்து அடித்து, நனைந்து கனத்த ஷோலைத் தலையிலிருந்து உரித்துத் தோளில் போட்டது. ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பீங்கான். மிதிபலகையில் ஒரு காலை வைத்தாள். முடியிலிருந்து தண்ணீர் கண்ணுக்குள் வழிந்தது.

"பிடிங்க," என்றாள், கிளாசை நீட்டி.

அவர் அவளுடைய திறந்த தலையின் பக்கம் திரும்பாமல், பார்வையைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டினார். விரல்கள் காற்றில் கிளாசைத் தேடின. சுடுகிற தேநீரின் ஆவி அவருடைய கைக்கும் அவளுடைய கைக்கும் நடுவில் எழுந்து, கண்ணாடியில் ஏற்கனவே படிந்திருந்த ஆவியோடு போய்ச் சேர்ந்தது.